மூடிய கடையைவிட ஓடுகிற கடையைப் படமெடுங்கள்

கேள்வி: நான் மருந்துக் கம்பெனி ரெப். அம்மாபேட்டையில் வீடு. வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர், தாரமங்கலம், அப்புறம் மாதம் ஒருமுறை ஏற்காடு என்று சுற்றுகிற வேலை. டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அந்தந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளைப் போனில் படம் எடுப்பது பழக்கமாகிவிட்டது. மூடிப்போன கடை என்றால் இன்னும் பிடிக்கும். போன வாரம் ஒரு கடை வாசலில் வாட்ச்மேன் போனைப் பிடுங்கி, நின்று எல்லாப் படத்தையும் அழிக்க வைத்தார். "கோயில் குளத்தை எடுத்தாலும் பரவாயில்லை, பருப்பு விக்கிற கடையைப் போய் எடுக்கிறியே" என்கிறார் அக்கா. இது சட்டப்படி தப்பா? இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?
பெயர் வேண்டாம், சேலம்-3

பதில்: முதலில் போன் கேலரியில் அழித்த படங்கள் போய்ச் சேரும் டிராஷ் பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் 30 நாள் வரை அவை அங்கேயே கிடக்கும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கெடு தாண்டாமல் இருக்கட்டும்.

சட்டப்படி தப்பு இல்லை. பொதுத் தெருவில் நின்று ஒரு கடையின் முகப்பைப் படமெடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கட்டட வடிவமைப்புக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் கட்டடத்தைப் படமெடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் போனைப் பிடுங்க வாட்ச்மேனுக்கு அதிகாரம் கிடையாது. வாசற்படி தாண்டிவிட்டால் மட்டும் அது கடைக்காரர் இடம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வண்டி நிறுத்தும் இடமும் பல கடைகளில் அவருடையதே. பில் போடும் பெண்களின் முகம் படத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் போனை நீட்டுவது எரிச்சல்தானே.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டக் இன் செய்த சட்டை, தோளில் பை, கையில் போன். உங்களைப் பார்த்தால் வரி ஆபீஸ் ஆள், பேங்க்குக்காக இடத்தை மதிப்புப் போட வந்தவர், எதிரே கடை திறக்கப்போகும் பெரிய கம்பெனியின் ஆள், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் தோன்றும். காலியாகக் கிடக்கும் கட்டடத்தில் இது தலைகீழ். வாடகைக்குக் கேட்டு வந்திருக்கிறார் என்று சொந்தக்காரரே ஷட்டரைத் தூக்கி உள்ளே கூட்டிப்போவார். அட்வான்ஸ் பேச்சு வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் இது நன்றாக வேர்விட்ட பொழுதுபோக்கு. அங்கே பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று ஒரு கட்டடச் சாயலை வைத்துக்கொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மெரினா பகுதியில் சேஃப்வே என்ற சூப்பர் மார்க்கெட் கம்பெனி 1959-இல் வளைந்த கூரையோடு ஒரு கடை கட்டியது. பிறகு பல ஊர்களில் அதே கூரை எழுந்தது. ஏ அண்டு பி என்ற கம்பெனி தன் நூற்றாண்டை ஒட்டி, செங்கல் சுவரும் உச்சியில் சின்னக் கூண்டுமாகப் பழங்கால வீடு போன்ற கடைகளைக் கட்டியது. கடை போய் மருந்துக்கடையோ சர்ச்சோ வந்த பிறகும், கூரையை வைத்தே இன்ன கம்பெனி என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம் ஊரில் அந்த வித்தை செல்லாது. இங்கே பெரும்பாலும் கட்டடம் ஒருவருடையது, கடை இன்னொருவருடையது. வாடகைக்குப் பிடித்து, முகப்பில் ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) அடித்து, போர்டு மாட்டுவார்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சுபிக்ஷாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் சென்னையில் தொடங்கி, நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, 2009-இல் படுத்துவிட்டது. வாடகையை மிச்சம் பிடிப்பதுதான் அவர்கள் கணக்கு. ஏசி இல்லாத சின்ன இடம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய தெரு. அதனால் அவ்வளவு கடைகள் இருந்தும் 'சுபிக்ஷா கட்டடம்' என்று காட்ட ஒரு சாயல் கிடையாது.

ஆகவே கூரையை விட்டுவிட்டு மற்ற தடயங்களைப் பாருங்கள். முகப்பில் போர்டு இருந்த நீளத்துக்கு மட்டும் வெயில் படாத பெயின்ட், அதன் ஓரமாக வரிசையாக போல்ட் ஓட்டை. சாக்கடைக்கு மேல் தள்ளுவண்டி ஏறுவதற்குப் போட்ட சாய்தளம். பக்கச் சந்தில், சரக்கு வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் அகலத்துக்கு ஒரு தனி ஷட்டர். ஜெனரேட்டர் இருந்த சிமென்ட் மேடை. உள்ளே விட்டால் தரையைப் பாருங்கள். ரேக் நின்ற இடத்து டைல்ஸ் வேறு நிறத்தில் இருக்கும். எந்த வரிசைக்கும் எந்த வரிசைக்கும் நடுவே ஜனங்கள் நடந்தார்கள் என்று அந்தத் தேய்மானமே வரைபடம் போட்டுக் காட்டும். இதெல்லாம் கிடைக்காவிட்டால் ஆட்டோ ஸ்டாண்ட். கடை போய்ப் பல வருஷமான பிறகும் அதன் பெயரைச் சொல்லித்தான் பாட்டிகள் ஆட்டோ ஏறுகிறார்கள்.

காலம் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி வரி எண். போர்டிலோ, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளிலோ, யார் வீட்டு டிராயரிலாவது கிடக்கும் பழைய பில்லிலோ பாருங்கள். டிஎன்ஜிஎஸ்டி (தமிழ்நாட்டின் பழைய பொது விற்பனை வரி) என்று இருந்தால் அது 2007-க்கு முந்திய கடை, ஏனென்றால் அந்த வருஷம் ஜனவரி 1-இல்தான் தமிழ்நாட்டில் அதற்குப் பதிலாக வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. 33-இல் தொடங்கும் 11 இலக்க டின் எண் (வாட் பதிவு எண்) என்றால் அதற்கும் 2017 ஜூலைக்கும் நடுவே. 15 இடம் கொண்ட ஜிஎஸ்டி எண் என்றால் அதற்குப் பிறகு. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் 2011-க்கு முன்னால் போகவே முடியாது. பழைய போர்டை மாற்றாமலே ஓட்டுகிற கடைகளும் உண்டு என்பதால், அந்த போர்டோ பில்லோ எந்தக் காலத்தில் எழுதியது என்று ஊகிக்கத்தான் இது உதவும். மூடிய தேதியைப் பக்கத்துக் கடையில்தான் கேட்க வேண்டும்.

மூடிய கடை இன்னும் பிடிக்கும் என்கிறீர்கள். இந்த இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் நின்று படம் எடுக்காத சேலத்துக்காரர் குறைவு. டி.ஆர்.சுந்தரத்தின் அந்த ஸ்டூடியோவில் நூற்றுக்கும் மேல் படங்கள் தயாராயின. இன்று நிற்பது வாசல் வளைவு. ஸ்டூடியோ ஓடிய காலத்தில், விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு வந்தவர்களின் சைக்கிள்கள் கேட்டில் சாய்ந்திருக்கும் படம் ஒன்று கிடைத்தால், வளைவின் ஆயிரம் படங்களைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வேன். உங்கள் கையில் இருக்கிற வாய்ப்பு அதுதான். கூகுள் எடுத்து வைத்திருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். ஸ்ட்ரீட் வியூ இந்தியாவில் முறையாகத் தொடங்கியதே 2022-இல், அதுவும் முதலில் பத்து நகரங்களில்.

சின்ன ஊர்களில் இப்போதைக்கு இருக்கும் ஒரு கலப்பு வகைக் கடையைத் தவறவிடாதீர்கள். முன்னால் பழைய மளிகைக் கல்லா, அரிசியும் வெல்லமும் நிறுத்துப் போடுவார்கள். பின்னால் ரேக் வைத்து பிஸ்கட், சோப்பு, ஷாம்பு நாமே எடுத்துக்கொள்ளலாம். அப்பா கல்லாவில், மகன் கம்ப்யூட்டரில். மகன் கைக்கு முழுசாக வந்ததும் கல்லாவைத்தான் முதலில் எடுப்பார். பை வைக்கும் ரேக், அதன் டோக்கன், போர்டில் பெயின்டரின் கையெழுத்து எல்லாம் சேர்த்து எடுங்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, இரண்டு பக்கத்துக் கடைகளும் கரன்ட் கம்பமும் விழுகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும். அழகாக இருக்காது, பரவாயில்லை. தெருப் பெயர், தேதி, பக்கத்துக் கடைப் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத படம் பிற்பாடு உங்களுக்கே புரியாது.

கூட்டுறவு பண்டகசாலைகளை விட்டுவிடாதீர்கள். சென்னையில் 1904-இலேயே தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கத்தின் காமதேனுவும் கோவையின் சிந்தாமணியும், இப்போதைய ஏசி கடைகள் வருவதற்கு வெகு முன்பே ஊருக்குப் பழகிவிட்டவை. பெயின்டில் எழுதிய போர்டும் சிமென்ட் ஜாலியும் இன்னும் இருக்கிற கட்டடங்கள் இந்த வகையில்தான் மிஞ்சும். கவுன்டரில் இருப்பவர் தானாக அனுமதி தர மாட்டார், பாவம், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். செயலாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம். கொடியேற்றி, கட்டடத்தைத் துடைத்து வைத்து, எல்லாரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள்.

ஏற்காட்டுக்கு வார நாளில் போங்கள். சனி ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் சரிப்படாது, ஏரியைச் சுற்றிக் கடைகளை மறைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், ஒண்டிக்கடை என்கிற இடத்தில் முகப்பை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் கிடைக்கும். சரிவில் நிற்கும் கட்டடம் சாலைப் பக்கம் ஒற்றைத் தளமாகத் தெரியும், பின்பக்கம் கீழே இறங்கிப் பார்த்தால் குடோன், அதற்கும் கீழே வீடு என்று போகும். பின்பக்கச் சாலை இருந்தால் அங்கிருந்தும் ஒன்று எடுங்கள்.

அக்கா சொல்வதற்கு அதிகம் பதில் இல்லை. எப்படியும் அந்த ஊருக்குப் போகத்தான் போகிறீர்கள், செலவு ஒன்றும் இல்லை. டாக்டர் கூப்பிடும்போது மட்டும் எதிர்த் தெருவில் இருக்காதீர்கள்.

வாட்ச்மேன் தடுத்த கடைக்கு மறுபடி போங்கள். முதலில் ஏதாவது வாங்கி பில் போடுங்கள், பிறகு முதலாளி எப்போது இருப்பார் என்று கேளுங்கள். பழைய படங்கள் சிலவற்றை பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனால் விளக்கம் பாதியாகக் குறையும். அவர் சம்மதித்து எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவருக்கே பிரேம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் சரக்கு எடுக்கிற வியாபாரிகளுக்குள் பழக்கம் உண்டு. அடுத்த ஊர்க் கடைக்காரரிடம் உங்களைப் பற்றி அவரே போனில் சொல்லிவைப்பார்.