பரணில் தோட்டா, கண்மாயில் குண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ரங்கூனில் கடை வைத்திருந்த எங்கள் ஐயாவின் தேக்குப் பெட்டியில், பச்சை பூத்த துப்பாக்கித் தோட்டாக்கள் சில கிடக்கின்றன. எண்பது ஆண்டு கடந்துவிட்டதால் மருந்து செத்திருக்கும் அல்லவா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: இல்லை, ஆச்சி. முளைப்புத்திறன் போவதற்கு வெடிமருந்து விதைநெல் அன்று. தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்புப் பொருள் இன்றும் வெடிக்கக்கூடும். பழைய எறிகணைகளில் நிரப்பப்பட்ட பிக்ரிக் அமிலம் என்ற வெடிபொருளோ, செம்பு, ஈயம் போன்ற உலோகங்களுடன் நாளடைவில் சேர்ந்து, சிறு உராய்வுக்கே வெடிக்கும் உப்புகளாக மாறி, முன்னிலும் கொடியதாகிவிடுகிறது. ஆகவே பச்சையைத் துடைக்கவோ பெட்டியைப் பேருந்தில் கொண்டுபோகவோ வேண்டாம். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி அவர்களை வீட்டுக்கே வரச்சொல்வதுதான் முறை.

கேள்வி: செட்டிநாடு விமான ஓடுதளத்தை ஒட்டிய கண்மாயில் வண்டல் எடுத்தபோது, வாலில் சிறகுள்ள இரும்பொன்று கிடைத்தது. மண்வெட்டியால் தட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. எடைக்குப் போடலாமா?

பதில்: ஒன்றும் ஆகாதது உங்கள் நல்ல காலம். ஏவப்பட்டும் வெடிக்காமல் விழுந்த குண்டின் வெடிதூண்டி, பாதி வழியில் நின்ற நிலையில், அடுத்த தட்டலுக்குக் காத்திருக்கலாம். அது பயிற்சிக் குண்டா உண்மைக் குண்டா என்பதைத் துருவேறிய மேற்பரப்பைப் பார்த்து நானும் சொல்லமாட்டேன். வந்த தடத்திலேயே திரும்பி, தொலைவில் அடையாளக் கொடி நட்டு, ஆடுமாடு மேய்ப்பவர்களைத் தடுத்து, 112-ஐ அழையுங்கள். நகர்த்த முடியாததெனில், வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் மணல்மூட்டை அடுக்கி, வேறொரு வெடிமருந்தை அருகில் வைத்து, அங்கேயே வெடிக்கச் செய்வார்கள். வாளித் தண்ணீரில் போட்டால் குண்டு செயலிழந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. பழைய இரும்புக் கடை ஆசை வேண்டாம்: 2004இல் காசியாபாத் அருகே, வெளிநாட்டுப் போர்க்களக் கழிவிரும்போடு வந்த எறிகணைகள் வெடித்துத் தொழிலாளர்கள் பலர் இறந்தனர்.

கேள்வி: முகப்பில் பூச்சாடியாக வைத்துள்ள பித்தளைக் குண்டுக்கூடு?

பதில்: உள்ளே காலியாக இருந்தாலும், அடிப்பகுதியை ஒருமுறை காவல்துறை வல்லுநரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மிச்சமான பழைய குண்டுகளைக் கடலில் கொட்டினால் என்ன?

பதில்: கொட்டிப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான போஃபோர்ட் பள்ளத்தில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் போட்டதன் விளைவாக, 1995இல் பாஸ்பரஸ் குண்டுகள் ஆயிரக்கணக்கில் கரையொதுங்கின. இன்று, சுமார் 80 டிகிரி செல்சியஸில் உருகும் டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் குண்டிலிருந்து நீராவியால் உருக்கி எடுத்து, கூட்டை உலோகமாக மறுபயன் செய்கிறார்கள். அப்போது வெளியேறும் இளஞ்சிவப்புக் கழிவுநீரையும் கரியில் வடிகட்டாமல் ஓடைக்கு விடுவதில்லை.