பீரோவுக்குள் போன நான்கு புத்தகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் வகுப்பில் சுவரோரம் கயிறு கட்டி, கிளிப் போட்டுப் படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப மாட்டுவார்கள். போன மாதம் கைக்காசில் நான்கு புத்தகங்கள் வாங்கிச் சேர்த்தேன். ஒன்றில் பாட்டியோடு வாழும் பையன். ஒன்றில் தத்தெடுக்கப்பட்ட பெண். ஒன்றில் அப்பாவும் மகளும் மட்டும். நான்காவதில் ஒரு சிறுமியைத் திருநங்கையான அத்தை வளர்க்கிறார்.

ஒரு மாணவியின் அப்பா வந்து, "உடைஞ்ச குடும்பத்துக் கதையெல்லாம் எதுக்கு டீச்சர்? அமெரிக்காவுலேயே இந்த மாதிரிப் புத்தகத்தைக் கோர்ட்டு தடை பண்ணிருச்சு" என்றார். தலைமையாசிரியர் நல்லவர்தான். "பிரச்சினை வேண்டாம்மா, கொஞ்ச நாள் பீரோவில் இருக்கட்டும்" என்கிறார். எட்டு வயதுக்கு இதெல்லாம் சீக்கிரமா? நான் அவசரப்பட்டுவிட்டேனா?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் அவசரப்படவில்லை. உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதவில்லை. எத்தனை பேராக இருந்தாலும், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை ஒன்றாவது அதில் இருக்கும். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார்கள். எட்டு வயதுக்குச் சீக்கிரமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளை அதை மூன்று வயதிலிருந்து வாழ்ந்துகொண்டிருக்கிறது.

எனக்கும் அப்போது எட்டு வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா லாரியில் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. என்னை வளர்த்தது பெரியம்மா. பள்ளியில் 'எனது குடும்பம்' என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். மாதிரி கரும்பலகையில் இருந்தது. என் அப்பா வேலைக்குச் செல்கிறார், என் அம்மா சுவையாகச் சமைக்கிறார், இப்படி. நான் அதை ஒரு எழுத்து மாறாமல், கோடு தாண்டாமல் எழுதி 'வெரி குட்' வாங்கினேன். சாயங்காலம் நோட்டைப் பெரியம்மாவிடம் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மாவு ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். ஐந்து வரியும் முடிந்தது. அப்புறம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "கையெழுத்து அழகா இருக்கு கண்ணு" என்று நோட்டைக் கொடுத்துவிட்டு உரலுக்குத் திரும்பிவிட்டார்.

பெரியம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை. எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரியம்மாவும் பிள்ளையும் இருக்கிற கதை ஒன்றை அதுவரை நான் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அப்பா சொன்ன அமெரிக்க வழக்குக்கு வருகிறேன். மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி கவுண்டியில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வரும் சில கதைப் புத்தகங்களைத் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் சேர்த்தார்கள். வேண்டாம் என்கிற பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்று முதலில் இருந்ததை 2023-இல் நிறுத்தினார்கள். முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகளுக்கு மூன்று என்ற கணக்கில், பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் புத்தகங்களைத் தடை செய்யவில்லை. வழக்கு முழுதாக முடியும்வரை, வகுப்பில் அவற்றைப் பயன்படுத்தும் முன் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், மத நம்பிக்கையால் மறுப்பவர்கள் பிள்ளையை விலக்கிக்கொள்ள விட வேண்டும் என்றது.

பெற்றோருக்குச் சொல்லிவிட்டுச் செய்வதில் எனக்கு மறுப்பே இல்லை. என்னை உறுத்துவது வேறு. கதை தொடங்கும்போது நான்கு பிள்ளைகள் எழுந்து வெளியே போகிறார்கள். அந்தக் கதையில் வருவது போன்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளை உட்கார்ந்து அதைப் பார்க்கிறது. என் வீட்டைப் பற்றிப் பேசினால் எழுந்து போவார்கள் என்பதை அது அன்றைக்கே கற்றுக்கொள்ளும்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் சொன்னதையும் அவரிடம் சொல்லலாம். சண்டிகரில் ஒரு செவிலியர், கணவரின் முதல் மனைவி இறந்த பின் அவரை மணந்தவர், அந்த மனைவியின் இரண்டு பிள்ளைகளுக்காக விடுப்பு எடுத்து வளர்த்தார். தன் முதல் பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டபோது, உனக்குத்தான் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று மறுத்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு உண்டு என்றது. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்ற மாறாத அமைப்பு மட்டுமே குடும்பம் அல்ல, மற்ற குடும்பங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது.

சரி, கோர்ட்டை விடுங்கள். 'உடைந்த குடும்பம்' என்ற சொல்தான் எனக்கு வலித்தது. உங்களுக்கு ஆபுத்திரன் கதை நினைவிருக்கும். மணிமேகலையில் வருகிறான். பெற்ற தாய் சாலி அவனை ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. வழியில் வந்த இளம்பூதி என்ற அந்தணன் அழுகைக் குரல் கேட்டுப் பார்க்கிறான். "ஆ மகன் அல்லன், என் மகன்" என்று மனைவியோடு சேர்ந்து கையெடுத்துத் தொழுது அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறான். தத்தெடுப்பைப் பற்றி இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது.

பிறகு பையன் வளர்கிறான், நன்றாகப் படிக்கிறான். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை ஒருநாள் இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். ஊர் அவனைப் பிடித்து அடிக்கிறது. நீ மாட்டுக்குப் பிறந்தவன்தானே என்கிறது. அவன் அசரவில்லை. ஆன்மகன் அசலன், மான்மகன் சிருங்கி, புலிமகன் விரிஞ்சி என்று அவர்களே கும்பிடும் முனிவர்களின் பிறப்பை எடுத்துச் சொல்கிறான். வாதத்தில் அவன் தோற்கவில்லை. ஆனால் சாலி அவனை முறை தவறிப் பெற்றவள் என்ற கதையும் வெளியே வந்ததும், என் மகன் என்று தூக்கிய அதே பூதி அவனை வீட்டைவிட்டு விரட்டிவிடுகிறான். அந்த வரி வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். அந்தக் குடும்பம் நன்றாகத்தான் இருந்தது. ஊர் பேசித்தான் அது உடைந்தது.

உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பேச்சு வரும். "உங்க அம்மா ஓடிப்போச்சாமே" என்று விளையாட்டு நேரத்தில் யாராவது கேட்பார்கள், கேட்டிருப்பார்கள். கேட்கிற பிள்ளைக்கும் பாட்டி வீட்டுக் கதை ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

புத்தகத் தேர்வு பற்றி ஒன்று. எல்லாக் குடும்பமும் அழகுதான் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிற புத்தகங்கள் வேண்டாம். பிள்ளைகள் நான்காவது பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 'பாவம்' என்ற தொனி அதைவிட மோசம். ஆட்டுக்குட்டி காணாமல் போய், பையன் தேடி, பாட்டி திட்டி, கடைசியில் குட்டி கிடைக்கிற கதை போதும். அப்பா அம்மா எங்கே என்று அந்தக் கதை விளக்கவே வேண்டாம். உங்கள் நான்கில் எது எந்த வகை என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம், இன்னொன்று. புத்தகத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். படித்து முடித்ததும் "யார் வீட்டில் இப்படி?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கயிற்றில் மாட்டிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுங்கள். எடுக்கிற பிள்ளை எடுக்கும்.

அந்த அப்பாவோடு சண்டை வேண்டாம். அவர் பள்ளிக்கு வந்து கேட்டிருக்கிறார், மகள் என்ன படிக்கிறாள் என்று பார்த்திருக்கிறார், அதுவே பெரிது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்து, நான்கையும் கையில் கொடுத்து முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். மிஞ்சிப்போனால் இருபது நிமிடம் ஆகும்.

மூன்றை மாட்டிவிட்டு நான்காவதை மட்டும் பீரோவில் வைக்கலாம் என்று யாராவது சமரசம் சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் தமிழ்நாடு அரசு 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. அந்த அத்தை அண்ணன் மகளுக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிற படத்தை மட்டும் ஒளித்து வைக்க என்னால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

கூட்டத் தேதியை எழுதுங்கள். தலைமையாசிரியருக்குச் சம்மதம் என்றால் நானும் வருகிறேன். ஆட்டுக்குட்டிக் கதைகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அக்கா