ஜப்பானிய அனிமே துறை வீழ்ச்சியடைந்து வருகிறதா?

வருவாயை மட்டும் வைத்துப் பார்த்தால், அனிமே துறை வளர்கிறது என்றே சொல்ல வேண்டும். ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் அதன் சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது.

ஆனால் படம் வரைபவர்களின் நிலை வேறு. ஒரு தொடருக்கான பணத்தைத் தொலைக்காட்சி நிலையங்கள், பதிப்பகங்கள், இசை நிறுவனங்கள், பொம்மை நிறுவனங்கள் முதலியவை சேர்ந்து அமைக்கும் தயாரிப்புக் குழுதான் பெரும்பாலும் போடுகிறது. இழப்பு ஏற்பட்டால் சுமை பகிரப்படும் என்பது உண்மையே. எனினும் உரிமைகளும் அக்குழுவிடமே தங்கிவிடுவதால், அதில் பங்கில்லாத ஸ்டுடியோவுக்கு, தொடர் உலகெங்கும் வெற்றி பெற்றாலும், முன்பே பேசிய தொகை மட்டுமே மிஞ்சுகிறது. முதன்மைப் படங்களுக்கு நடுவே அசைவை நிரப்பும் இடைப்படங்களை வரையும் இளைஞர்களுக்குப் பல இடங்களில் படத்துக்கு இவ்வளவு யென் என்ற கணக்கில்தான் கூலி கிடைக்கிறது. அதைக்கொண்டு டோக்கியோவில் வாடகை கொடுத்து வாழ்வது கடினம் என்பதால், பலர் தொழிலில் தேறுவதற்கு முன்பே விலகிவிடுகிறார்கள். மேலும், இந்த இடைப்பட வேலையின் பெரும்பகுதி சீனா, தென்கொரியா, வியட்நாம் போன்ற நாடுகளுக்குச் சென்றுவிட்டதால், புதியவர்கள் கை பழகுவதற்கான வாய்ப்பே ஜப்பானுக்குள் குறுகிவிட்டது. வருவாய்க் கணக்கில் தெரியாத இந்த இழப்பையே நான் மிகப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தன் கலைஞர்களைத் தானே பயிற்றுவித்து, மாத ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. 2022இல் வெளிவந்த ஒரு தொடரின் முழுச் செலவையும் மாப்பா ஸ்டுடியோ தானே ஏற்றது. ஆனால் அதற்கான மூலதனம் சிறிய ஸ்டுடியோக்களிடம் இல்லை.