திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே வயிற்றுவலி வந்துவிடுகிறது. திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் விடுப்பு. ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. நடிக்கிறாள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் கல்லோ கட்டியோ இல்லை என்றுதான் பொருள், வலி இல்லை என்று பொருளல்ல. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புத் தொடர்பு உண்டு என்பதால், அச்சம் வரும்போது குடலின் அசைவு மாறுகிறது, வலியை உணரும் தன்மையும் கூடுகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கல்ல. எனினும் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொடர் வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மீண்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் இருந்துவிட்டால் அன்றைக்கு வலி தணியும்; அந்த நிம்மதியே அடுத்த திங்கட்கிழமையை இன்னும் பெரிதாக்கிவிடும். ஆகவே நீண்ட விடுப்பு இதற்கு மருந்தல்ல. வலி வந்தால் பத்து நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் வகுப்புக்கே திரும்பலாம் என்ற ஏற்பாட்டை அவளோடும் பெற்றோரோடும் பேசி வையுங்கள். முழு நாள் முடியாவிட்டால் முதல் வாரம் இரண்டு பாடவேளைகள் போதும்.

அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்பதைத் தனியாக, அவசரமின்றிக் கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரை தடையின்றித் தேர்ச்சி பெற்று வந்த பிள்ளைக்குச் சரளமாக வாசிக்க வராது என்பது ஒன்பதில்தான் வெளிப்படும்; எழுந்து வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயமே போதும். தோழியரின் கேலியாக இருக்கலாம், வீட்டில் எழுந்த திருமணப் பேச்சாக இருக்கலாம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகளும் உண்டு, மாதவிடாய் நாட்களில் இது இன்னும் கடினம். அப்படியானால் சிகிச்சை தேவைப்படுவது கழிப்பறைக்குத்தான்.

கேட்கும்போது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உண்டு என்றால் அவளைத் தனியே விடாமல், அன்றே பெற்றோரை வரவழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் இலவச எண் 14416-இல் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் இல்லையென்றால், மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையில் உள்ள மனநல மருத்துவரைப் பெற்றோர் பார்க்கட்டும். போகும்போது ஸ்கேன் படத்தோடு, அவள் எந்தெந்த நாட்களில் வரவில்லை, அன்று முதல் பாடவேளை எது என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து நீங்கள் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் படிப்பார்.