ஜிப்சியை உயர்த்த நீள சாக்கிள் மட்டும் போதுமா?

கேள்வி: தோட்டத்துக்குப் போய்வர பழைய மாருதி ஜிப்சி வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு பாதையில் சால் விழுந்து, நடுமேட்டில் வண்டியின் அடி தட்டுகிறது. நீளமான சாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புத் துண்டு) போட்டாலே 2 அங்குலம் உயரும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? — வாசகர், குலசேகரம்

பதில்: முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, புதுக் கீறல் எங்கே என்று பாருங்கள். ஆக்சிலின் (இரு சக்கரங்களை இணைக்கும் தண்டு) நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் இருந்தால், வண்டியை உயர்த்தும் எந்தக் கிட்டும் உதவாது. ஆக்சிலின் உயரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். டிரான்ஸ்ஃபர் கேஸோ (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) சேஸியோ (அடிச்சட்டம்) தட்டினால் மட்டுமே சஸ்பென்ஷனுக்குச் செலவழியுங்கள்.

கடைக்காரர் சொன்ன கணக்கு எப்படி என்று கேளுங்கள். சாக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டுமே தள்ளுகிறது. அதனால் 2 அங்குலம் கூடுதல் நீளம் போட்டால் வண்டி உயர்வது ஏறக்குறைய 1 அங்குலம்தான். 4 அங்குலம் நீட்டினால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஜிப்சியில் முன் சாக்கிள் இருப்பது பட்டையின் முன்முனையில். அதை நீட்டினால் ஆக்சில் முன்னால் சாய்ந்து காஸ்டர் (ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் பின்சாய்வுக் கோணம்) குறையும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகாது. தோட்டத்துப் பாதையில் இது தெரியாது. மார்த்தாண்டம் சாலையில் வேகமெடுக்கும்போதுதான் வண்டி அலையும். அதுதான் எங்கள் கவலை.

உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள். நான்கு பட்டைக் கட்டு, அவற்றுக்கேற்ற நான்கு ஷாக் அப்சார்பர், புஷ் (பட்டை முனையில் இருக்கும் ரப்பர் உறை), நீளமான பிரேக் ஹோஸ் ஆகியவற்றை ஒரே செட்டாக வாங்குங்கள். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் எட்டும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை முறுக்கி நீண்டது மறுபடி பிடிக்காது. ரப்பர் ஷீட், உரமூட்டை ஏற்றுவீர்கள் என்றால் சுமையை முன்கூட்டியே சொல்லிப் பின்பட்டையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் வண்டிக்கான பட்டை சுமையில் படுத்துவிடும்.

மாட்டிய பிறகு சக்கரங்களைத் தொங்கவிட்டு இரு பக்கமும் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ் இறுகக் கூடாது. பட்டை பம்ப் ஸ்டாப்பில் (மேலே தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை) முட்டும்போதும் ஷாக்கில் கொஞ்சம் ஓட்டம் மிச்சமிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மோதும் வேகம் முழுவதும் ஷாக்கில் விழுந்து சீல் போகும். புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கிவைத்து முறுக்கினால் புஷ் ரப்பர் முறுகிக் கிழியும். 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கி, சக்கர அலைன்மென்ட்டும் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பணம் கொடுக்கும் முன் மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி பில்லில் பாக எண், ஷாக்கின் விரிந்த, சுருங்கிய நீளம், வாரன்டி மூன்றும் இருக்கட்டும். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லவும் அந்தப் பில்தான் வேண்டும்.