ஒரு சொட்டு விந்துக்கு நூறு சொட்டு ரத்தம் செலவாகிறதா?

கேள்வி: "ஒரு சொட்டு விந்து ஊற நூறு சொட்டு ரத்தம் வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சுய இன்பப் பழக்கம் உண்டு. ஆறு மாதமாக இளைத்துக்கொண்டே போகிறேன். அதனால்தானா?"

இல்லை தம்பி. ஒரு சொட்டு ரத்தம்கூட அதற்காகச் செலவாவதில்லை. நான் சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். என் கையால் செய்து, என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

குழந்தையில்லாத ஆண்களுக்குச் சில நேரம் விந்தகத்திலிருந்து பயாப்சி எடுப்பார்கள். அரிசி மணி அளவுக்குத்தான் திசு வரும். மற்ற உறுப்புகளின் திசுவை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். இதைப் பிக்ரிக் அமிலம் கலந்த கரைசலில் போட்டு அனுப்புவார்கள். புட்டியைத் திறந்தால் மஞ்சள் கரைத்த தண்ணீர்போல இருக்கும், விரலில் பட்டால் எளிதில் போகாது. ஃபார்மலினில் போட்டால் இந்தத் திசு சுருங்கி உள்ளிருக்கும் செல்கள் குலைந்துவிடும் என்பதால்தான் இந்தத் தனி ஏற்பாடு. பிறகு மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, சாயம் ஏற்றுவோம்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், இடியாப்பச் சிக்கலைக் குறுக்கே அறுத்ததுபோல வட்ட வட்டமாகக் குழல்கள் தெரியும். ஒரு விந்தகத்துக்குள் சுமார் 250 சிறு அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு நுண்குழல்கள். எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். விந்தணு பிறப்பது இந்தக் குழல்களின் சுவரில்.

உங்கள் கேள்விக்கான விடையும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ரத்த நாளங்கள் எல்லாம் குழல்களுக்கு வெளியே, இடைப்பட்ட திசுவில் ஓடுகின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லேடிக் செல்களும் அங்கேதான் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. குழலுக்குள் ஒரு நாளம்கூட நுழைவதில்லை. உள்ளே, சுவரின் அடியிலிருந்து நடுத்துளை வரை செர்டோலி செல்கள் நெடிதாக நிற்கும். 1865இல் அவற்றை விவரித்த இத்தாலியர் என்ரிகோ செர்டோலியின் பெயர் அது. அடுத்தடுத்த செர்டோலி செல்கள் இறுகப் பிணைந்து ஒரு வேலியே போட்டுவிடுகின்றன. வளரும் விந்தணுவுக்கு வேண்டிய ஊட்டம் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். ஏன் இவ்வளவு காவல்? விந்தணு பருவ வயதில்தான் முதன்முதலாக உருவாகிறது. நம் நோய் எதிர்ப்பு மண்டலமோ அதற்கு வெகுகாலம் முன்பே தன் உடம்பு எது, அயல் எது என்று படித்து முடித்திருக்கும். ரத்தம் உள்ளே வந்தால் விந்தணுவை அயலென்று எண்ணித் தாக்கும். ரத்தத்திலிருந்து ஊறுவதாகச் சொல்கிற பொருளை ரத்தமே தொடாதபடி உடம்பு வேலி கட்டிக் காக்கிறது! இந்த ஸ்லைடைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

வேலிக்கு அடியில் இருக்கும் மூலச் செல் பிரிந்து, படிப்படியாக உள்ளே நகர்ந்து, வால் முளைத்து விந்தணுவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதன் பிறகு எபிடிடிமிஸ் என்ற சுருட்டைக் குழலில் பல நாள் பயணம். அதை நீட்டினால் ஆறு மீட்டர் வரை வரும். நீந்தும் திறன் அங்கேதான் வாய்க்கிறது. வெளியேறும் திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளின் சுரப்பு, அதில் ஃபிரக்டோஸ் சர்க்கரை இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட் சுரப்பியிலிருந்து. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவருக்கும் அளவு பெரிதாகக் குறையாமல் இருப்பது இதனால்தான்.

சித்த மருத்துவம் சாரம், செந்நீர் (ரத்தம்), ஊன், கொழுப்பு, என்பு, மூளை (எலும்பு மஜ்ஜை), வெண்ணீர் (விந்து) என்று ஏழு உடற்கட்டுகளைச் சொல்கிறது. ஒன்று அடுத்ததை ஊட்டும் என்பது நுண்ணோக்கி இல்லாத காலத்து அறிஞர்கள் உடம்பை விளங்கிக்கொண்ட முறை. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்தச் சொல்லை எடுத்து மின்சார ரயிலில் நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்துப் பையன்களை மிரட்டுகிறவர்கள் மேல்தான் கோபம் கோபமாக வருகிறது. சென்ற ஆண்டு வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பையன் பரிசோதனைக்கு வந்தான். ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் லேகியத்துக்குக் கொடுத்திருந்தான். அவன் மாதிரியையே மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணே, இத்தனையும் உயிரோடா இருக்கிறது?" என்றான். அறிக்கையில் ஒரு குறையும் இல்லை.

விந்தணுவை உண்மையில் கெடுப்பவை வேறு. விந்தகம் உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; கடும் காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை குறைந்திருக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் மோசம். போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும், குழல்களில் உற்பத்தி பூஜ்யத்துக்கே போகலாம்.

நீங்கள் இளைப்பதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஆறு மாதமாக எடை குறைகிறதென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும். சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். பொது மருத்துவ டாக்டரிடம் எடை குறைவதைச் சொல்லி, சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றுக்கும் பரிசோதனை கேளுங்கள்.