லைகன் தெரு மூலையில் சைக்கிள் கடை வைத்திருந்த நீனோ போர்சாரி

வேறு நாட்டுக்குப் போய், ஒரு கடையோ கைத்தொழிலோ வைத்துப் பிழைத்துக்கொண்டே, தன் மக்களுக்காகவும் விளையாட்டுக்காகவும் வாழ்ந்த யாரையாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் நீனோ போர்சாரி. நான் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் படித்த காலத்தில் தினமும் சைக்கிளில் கார்ல்டன் என்ற பகுதி வழியாகத்தான் போவேன். லைகன் தெருவும் கிராட்டன் தெருவும் சந்திக்கும் இடத்தை ஊரே 'போர்சாரி மூலை' என்கிறது. அங்கே கட்டடத்தின் மேலே ஒரு சைக்கிள் வீரரின் நியான் உருவம் உண்டு. அது யார் என்று தேடப் போய்த்தான் இவருடைய கதை எனக்குத் தெரியவந்தது.

போர்சாரி 1911இல் இத்தாலியில், மொதேனாவுக்குப் பக்கத்தில் உள்ள கவெட்ஸோ என்ற சிற்றூரில் பிறந்தவர். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் குழுத் துரத்தல் பந்தயத்தில் தங்கம் வாங்கிய இத்தாலிய அணியின் நான்கு பேரில் ஒருவர். அந்தப் பந்தயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த போட்டி அது. இரண்டு அணிகள் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் கிளம்பி ஒன்றையொன்று துரத்தும். தூரம் 4 கிலோமீட்டர். ஓர் அணியின் நான்கு பேரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் ஒட்டுகிற நெருக்கத்தில் ஓட்டுவார்கள். முன்னால் போகிறவர் காற்றை முழுதாக வாங்கிக்கொள்வார். களைப்பதற்குள் சாய்வான ஓடுபாதையின் வளைவில் மேலேறி ஒதுங்கி, வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வார். அடுத்தவர் காற்றை வாங்குவார். ஒருவர் மட்டும் அசுர வேகத்தில் பறந்து பிரயோஜனமில்லை, கூட்டத்தை விட்டுவிட்டால் தோல்விதான். இத்தாலியர்கள் 1920 தொடங்கித் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் இதில் தங்கம் வாங்கினார்கள். நான்காவது போர்சாரியின் அணியுடையது.

1934இல் விக்டோரியா மாநிலத்தின் நூற்றாண்டு விழாவுக்காக நடந்த நீண்டதூர சைக்கிள் பந்தயத்துக்கு அவர் ஆஸ்திரேலியா வந்தார். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. மறுபடியும் மெல்போர்ன் வந்திருந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆஸ்திரேலியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். ஆயிரக்கணக்கானோரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். வெளியே இருந்தவர்களும் தெருவில் தாய்மொழி பேசத் தயங்கிய காலம். அந்த நாற்பதுகளில்தான் போர்சாரி தன் பெயரிலேயே கார்ல்டனில் சைக்கிள் கடை போட்டார். அதை வெறும் வியாபாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. ஓர் இத்தாலியப் பெயரை மூலைக் கடையில் பெரிதாக எழுதி வைக்க அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். ஒலிம்பிக் தங்கம் அவருக்கு ஒரு கவசமாக இருந்திருக்கும். அந்தக் கவசம் இல்லாத மற்றவர்களுக்கும் அந்தக் கடை நிழல் தந்தது என்றே நான் நம்புகிறேன்.

போருக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். 1947இல் ஆஸ்திரேலியாவில் இருந்த இத்தாலியில் பிறந்தவர்கள் சுமார் 33,000 பேர். 1951இல் இரு நாடுகளும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. 1971இல் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட 2,90,000. கொத்தனார், தச்சர், தையல்காரர், ஆலைத் தொழிலாளி என்று வந்தவர்களில் ஏராளமானோர் மெல்போர்னில் முதலில் தங்கியது வாடகை மலிவாக இருந்த கார்ல்டனில்தான். கார் வாங்க வசதியில்லாதவனுக்கு வேலைக்குப் போக சைக்கிள்தானே கால். ஆங்கிலம் தெரியாத ஒருவன் பிரேக் தேய்ந்துவிட்டது, சக்கரத்துக்குப் பெண்டு எடுக்க வேண்டும் என்று சொந்த மொழியில் சொல்ல ஓரிடம் இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! புதிதாக ஊருக்கு வந்து, ஒரு கடையில் சின்ன உதிரிபாகத்தின் பெயர் தெரியாமல் கையால் காட்டிக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கும் உண்டு.

கால்பந்தையும் சொல்லியாக வேண்டும். மெல்போர்னில் ஃபுட்பால் என்றால் அவர்களுடைய ஆஸ்திரேலிய விதி ஆட்டம்தான். உலகம் ஆடும் கால்பந்தை அந்நியர்களின் ஆட்டம் என்று ஒதுக்கினார்கள். 1948இல் மெல்போர்ன் இத்தாலியர்கள் ஜுவெண்டஸ் என்று சொந்த அணி ஒன்றைத் தொடங்கினார்கள். போர்சாரியும் அந்த அணியோடு நெருக்கமாக இருந்தவர். வாரம் முழுக்க மேஸ்திரி சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள், வார இறுதியில் மைதானத்தில் நின்று தங்கள் மொழியிலேயே தொண்டை கிழியக் கத்தினார்கள். 1985இல் இதே அணி, பிரன்ஸ்விக் ஜுவெண்டஸ் என்ற பெயரில், ஆஸ்திரேலியத் தேசிய லீக் பட்டத்தை வென்றது.

1956 ஒலிம்பிக் மெல்போர்னுக்கு வரவேண்டும் என்று பாடுபட்டவர்களில் போர்சாரியும் ஒருவர். 1949இல் அந்த வாக்கெடுப்பு நடந்த ஊர் எது தெரியுமா? ரோம். பியூனஸ் அயர்ஸை 21க்கு 20 என்று ஒரே ஒரு வாக்கில் மெல்போர்ன் ஜெயித்தது. அந்த ஒலிம்பிக்கில் போர்சாரியின் பழைய பந்தயமான குழுத் துரத்தலில் மறுபடியும் இத்தாலிக்கே தங்கம். சாலைப் பந்தயத்தில் எர்கோலே பால்தினி ஜெயித்தார். பதக்கம் கொடுக்கும்போது இத்தாலிய தேசிய கீதத்தின் இசைத்தட்டு கையில் இல்லாமல் போக, கூட்டத்தில் இருந்த குடியேறிகளே அதைப் பாடினார்கள் என்று சைக்கிள் பந்தய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். பதினைந்து வருடங்களுக்கு முன் அதே மொழியைத் தெருவில் பேசப் பயந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

போர்சாரி 1996இல், 84 வயதில் காலமானார். அந்த மூலையில் இப்போது சைக்கிள் விற்பதில்லை. லைகன் தெருப் பக்கம் போனால் சாப்பாட்டுக் கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இருட்டிய பிறகு கிராட்டன் தெரு முனையில் நின்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள், அவர் சைக்கிளில் இருப்பார்.